டிரைவரின் இடது கால்

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வருசம் பருத்தி நல்ல விளைச்சல், பாதி நாள் காட்டில்தான் நின்றேன். ஆனால் என் காது படித்த படிப்பை எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள். கோயமுத்தூர் கணபதியில் எனக்குச் சொந்தப் பட்டறை. எட்டு லேத் ஓடும். பம்ப் செய்கிறவர்களுக்கு ஷாஃப்டும், அதைப் பிடிக்கிற வளையமான புஷ்ஷும் கடைந்து கொடுப்போம். எட்டும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்குள் சொல்லிவிடுவேன், மூணாவது லேத்தில் பேரிங் போகப்போகிறது என்று. பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். இதைப் பெருமைக்கு எழுதவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெருமைதான். ஆனால் அந்தக் காதை நம்பி ஒரு மனுசனுக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லப் போகிறேன். அதற்கு முதலில் காதின் தரம் தெரிய வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கார் வாங்கினேன். பழைய கார்தான். வெள்ளை, டீசல் எஞ்சின், கியர் தண்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசிக்கொண்டு கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பிழைத்தவர்கள். சொந்தபந்தத்தில் முதல் கார் என்னுடையது. கல்யாண வீடுகளில் அதை வாசலுக்கு நேராகத்தான் நிறுத்தச் சொல்வேன்.

அந்தக் காரில் எது உடைந்தாலும் கடைக்குப் போக மாட்டேன். கதவுக் கைப்பிடி, ஜன்னல் ஏற்றுகிற பல்சக்கரம், பின் சக்கரத்தின் அதிர்ச்சியை வாங்குகிற கமான் பட்டையின் புஷ், எல்லாம் என் லேத்தில் கடைந்ததுதான். இது என் ஒருத்தனுடைய கிறுக்கு இல்லை. எங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கையில் லேத் இருக்கிறவன் ஒரு புஷ்ஷுக்காகக் கடையில் நின்றால் மற்றவன் சிரிப்பான்.

டிரைவர் கருமத்தம்பட்டிக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். முன்னால் லாரி ஓட்டியவர். கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த பிறகுதான் வண்டிக்கு வருவார். அதை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். ஆறு வருசம் என்னிடம் ஓட்டினார். பேச்சுக் குறைவு. நான் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பார். அந்தச் "சரிங்க"வுக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் யார் கேட்கிறார்கள்.

நான் எப்போதும் முன் சீட்டில், அவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். பின் சீட்டில் சாய்ந்துகொண்டு போவது நோயாளியும் புது மாப்பிள்ளையும்தான் என்பது என் கட்சி. கைகால் நல்லா இருக்கிற மனுசன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பின் சீட்டு முழுசும் என் சம்சாரத்துக்கு.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது ஈரோட்டில். ஒரு சாயப்பட்டறைக்கு ஷாஃப்ட் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். ரயில்வே கேட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றின லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தோம். கேட்டைத் தூக்கினதும் டிரைவர் கிளட்சை விட்டார். வண்டி நகர்கிற அந்த நொடியில் 'டொக்' என்று ஒன்று. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சுத்தியலால் ஒரே தட்டு தட்டின மாதிரி. அப்புறம் ஒன்றும் இல்லை. ரெண்டாம் கியருக்கு மாற்றினார், மறுபடியும் டொக். மூணாம் கியருக்குச் சின்னதாக ஒன்று. ஒரே வேகத்தில் ஓடும்போது சுத்தமாக இல்லை. பெருந்துறை தாண்டுவதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன். கியர்பாக்ஸ்.

மறுநாளிலிருந்து அதையே வேலையாகக் கவனித்தேன். ரிவர்ஸ் எடுத்துவிட்டு ஒண்ணாம் கியர் போட்டால்தான் சத்தம் பெரிசு. சட்டென்று பிரேக் போட்டாலும் ஒரு தட்டு. பள்ளத்தில் இறங்கும்போது இல்லை. இவ்வளவையும் சரியாகத்தான் கவனித்தேன். இன்றைக்கு ஒரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால், எங்கே தேட வேண்டும் என்று அவன் சொல்லிவிடுவான். நான் கவனித்ததில் தப்பில்லை. கவனிக்கும்போதே யார் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டுக் கவனித்தேன், அங்கேதான் தப்பு.

லாரி ஓட்டினவர்களுக்குக் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் உண்டு என்று எனக்கு ஒரு எண்ணம். அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறு வருசம் ஓட்டின மனுசனின் காலை ஒருத்தன் குனிந்து குனிந்து பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

"கிளட்சைப் பட்டுன்னு விடற நீயி," என்றேன்.

"சரிங்க," என்றார்.

அதற்கப்புறம் அவர் கிளட்சை விட்டது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி இருந்தது. அப்படியும் டொக் என்றது. என் கோபம் கூடியதே தவிர யோசனை கூடவில்லை.

அவினாசியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினபோது அவர் மெதுவாகக் கேட்டார், "மொதலாளி, ஒருக்கா பின்னால உக்காந்து வர்றீங்களா? சித்த சாஞ்சுக்கலாமுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பார்ப்பது உறுத்துகிறது, அதனால் பின்னால் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கென்ன நோயா என்று கேட்டுவிட்டு முன் கதவையே திறந்து ஏறினேன்.

என் சம்சாரமும் சொன்னாள். சத்தம் நான் உக்கார்ற சீட்டுக்கு அடியில இருந்து வருதுங்க, இடப்பக்கமா, என்றாள். ஒருதரம் இல்லை, நாலைந்து தரம். சத்தம் பிறக்கிறது ஓரிடம், போய்ச் சேர்கிறது ஓரிடம், அதெல்லாம் உனக்குப் பிடிபடாது அம்மணி என்று சொல்லிவிட்டேன். எட்டு லேத்தைக் காதாலேயே மேய்க்கிறவனுக்கு, பின் சீட்டில் முறுக்குத் தின்றுகொண்டு வருகிறவள் சொல்வதா? அவள் அப்புறம் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதற்கும் டிரைவர் "சரிங்க" என்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

அவினாசி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கை என் பட்டறைக்கே வரச்சொன்னேன். வண்டிக்கு அடியில் ஒருதரம் முழுசாகப் பார்த்துவிட்டு அப்புறம் எதைப் பிரிப்பது என்று முடிவு செய்யலாம் என்றார். அதெல்லாம் வேண்டாம், கியர்பாக்ஸை இறக்குங்கள், நான் கேட்டுவிட்டேன் என்றேன். "உங்க காதுக்கு மேல நான் என்னங்க சொல்றது," என்று ஸ்பேனரை எடுத்தார். எங்கள் பக்கத்து மரியாதை இப்படிப்பட்டது. எதிரில் இருக்கிறவர் பள்ளத்தில் விழப்போகிறார் என்று தெரிந்தாலும், பாத்துப் போங்க என்று சொல்வோம், பள்ளம் இருக்கிறது என்று சொல்ல மாட்டோம்.

கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தார். என் ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்து எட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக் ஒரு கியரைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். "பல்லெல்லாம் கல்யாணப் பொண்ணு பல்லாட்டம் இருக்குதுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிரித்தது பிரித்தாயிற்று, கிளட்ச் பிளேட்டையாவது மாற்று என்றேன். மாற்றினார். ரெண்டு நாள் வேலை.

மறுபடி மாட்டி முடித்ததும் டிரைவரை ஏறச்சொன்னேன். நான் பட்டறை வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் என் ஆட்கள் அத்தனை பேரும். நான் பந்தயம் கட்டின மாதிரி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். டிரைவர் எஞ்சினைப் போட்டு, கியரைத் தள்ளி, அந்தத் தொட்டில் காலால் கிளட்சை விட்டார்.

டொக்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். சிரிப்பை அடக்குகிற கனைப்பு எனக்குத் தெரியாதா. என் காது தப்பு என்று ஒத்துக்கொள்வதற்கு எனக்கு ஒரே ஒரு மாற்றுத்தான் இருந்தது, அவருடைய கால். டிரைவர் இறங்கி வந்தார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"கியர்பாக்ஸ்ல கோளாறு இல்லை. உன்ற கால்லதான் கோளாறு. ஒண்ணாந் தேதிக்கு மேல வேற எடம் பாத்துக்கப்பா."

அவர் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "சரிங்க," என்றார்.

ஒண்ணாம் தேதி காலையில் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முன்னால் வண்டியைக் கழுவித் துடைத்து, பின் சீட்டின் உறையைக்கூடத் தட்டிப் போட்டிருந்தார். "மொதலாளி, வேற யாரு ஓட்டினாலும் ஒருக்கா பின்னால உக்காந்து பாருங்க," என்றார். போகிற போக்கில் குத்திவிட்டுப் போகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு டிரைவரைப் புதிதாக வைத்துக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரில் பழைய முதலாளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்பார்கள். லைசென்ஸைக்கூடப் பார்க்க மாட்டார்கள், அந்தப் போன்தான் எல்லாம். எங்கள் தெருவிலேயே பம்ப் செய்கிற ஒருத்தர், என்னிடம் நிறைய வேலை கொடுக்கிறவர், அவருக்கு டிரைவர் வேண்டியிருந்தது. போன் போட்டார். ஆள் எப்படிங்க என்றார். பழக்கம் தங்கம், ஆனா அந்தக் காலு கியர்பாக்ஸைத் தின்னுபோடுமுங்க என்றேன். அவர் சிரித்தார். அந்த வசனம் அவருக்குப் பிடித்துப்போய் ரெண்டு மூணு இடத்தில் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அந்த மனுசனை எந்த வீட்டிலும் காருக்கு வைத்துக்கொள்ளவில்லை. கருமத்தம்பட்டியில் ஒரு குடோனில் தறி ஓட்டப் போகிறார் என்று பஸ்ஸில் பார்த்த ஒருத்தர் சொன்னார். இருபது வருசமாக ஸ்டியரிங் பிடித்த கை. அதைக் கேட்டபோது மனசில் ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்தல் வந்தால் அதை ஒரு காரணத்தைப் போட்டு மூடத் தெரிந்தவன் நான். தறி மட்டும் என்ன மட்டமான வேலையா என்று மூடினேன்.

வண்டியை நானே ஓட்ட ஆரம்பித்தேன். டொக் என்றது. என் காலுக்கும் டொக் என்றது. அவர் ஆறு வருசம் கெடுத்ததை ஆறு நாளில் சரி செய்ய முடியுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே ஒரு மாசம் போயிற்று. கோயமுத்தூர் டிராபிக்கில் கிளட்சை மிதித்து மிதித்து எனக்கு இடது முட்டி வீங்கிப்போனது. மடக்க முடியவில்லை. காலை நீட்டி வைத்துத்தான் உட்கார வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து சென்னிமலை முருகனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. போயாக வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடி. ஒருநாள் வேலைக்கு ஓட்டுகிற ஆக்டிங் டிரைவர் ஒருத்தரைப் பிடித்தோம். முன் சீட்டில் காலை நீட்ட வழியில்லை. வேறு வழியில்லாமல் என் சம்சாரம் முன்னால் ஏறினாள். நான் பின் சீட்டில் குறுக்காக உட்கார்ந்து, காலை நீட்டி, இடப்பக்கக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். அந்தக் காரை வாங்கி அத்தனை வருசத்தில் பின் சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல்தரம். நான் சொன்னபடியே, நோயாளியாகத்தான் உட்கார்ந்தேன்.

வீட்டு வாசலில் வண்டி கிளம்பினது. டொக்.

அதை நான் காதால் கேட்கவில்லை. இடுப்பில் வாங்கினேன். சீட்டுக்கு நேர் அடியில், இடப்பக்கம், யாரோ கீழே படுத்துக்கொண்டு உள்ளங்கையால் குத்தின மாதிரி. தெரு முனையில் ரெண்டாம் கியர். மறுபடி அதே இடம். கியர்பாக்ஸ் எங்கே இருக்கிறது, நான் எங்கே இருக்கிறேன்.

முன்னால் இருந்து என் சம்சாரம் திரும்பிப் பார்த்தாள். குத்திக் காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"இங்க உக்காந்து கேட்டா கியர்ல இருந்து வர்ற மாதிரித்தாங்க இருக்குது," என்றாள்.

அவ்வளவு நியாயமான பேச்சை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் பேசினதில்லை. அடிப்பக்க இரும்பெல்லாம் ஒன்றோடொன்று கோர்த்துக் கிடக்கிறது. பின்னால் தட்டினது முன்னால் வந்து கியர்பாக்ஸ் வாயால் பேசியிருக்கிறது. என் காது பொய் சொல்லவில்லை. உட்கார்ந்த இடம் தப்பு.

சென்னிமலை மலைப்பாதை வளைவில் ஆக்டிங் டிரைவர் கியரை மாற்ற மாற்ற, இடுப்பில் ஒன்று ஒன்றாக விழுந்தது. சீட்டுக்கு அடியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கமான் பட்டையின் முன் முனை வண்டியின் உடம்பில் மாட்டியிருக்கிற இடம். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும்போது சக்கரம் வண்டியை முன்னால் தள்ளுகிறதே, அந்தத் தள்ளு முழுசும் அந்த முனையைக் கோர்த்திருக்கிற ஒரு இரும்புப் பின்னிலும் அதைச் சுற்றியிருக்கிற புஷ்ஷிலும்தான் வந்து விழும். அந்தப் புஷ்ஷை யார் செய்தது?

ரெண்டு வருசத்துக்கு முன்னால் அங்கே இருந்த ரப்பர் புஷ் நைந்துபோனது. ரப்பர் எதற்கு என்று நான்தான் எஃகில் ஒன்று கடைந்தேன். சாதாரண எஃகு இல்லை. பம்ப் ஷாஃப்டுக்குப் போடுகிறது, அதையும் நெருப்பில் வைத்துக் கெட்டிப்படுத்தி. என் ஆயுசுக்கும் தேயாது என்று எல்லோரிடமும் காட்டினேன். டிரைவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, கிரீஸ் வெக்க ஒரு ஓட்டை விட்டா நல்லா இருக்குங்களா என்று கேட்டார். நம்ம கடைசலுக்குக் கிரீஸ் தேவையில்லை என்றேன். சரிங்க என்றார். இத்தனையும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முருகன் முன்னால் நின்றபோது என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தீபாராதனைத் தட்டு வந்ததுகூட என் சம்சாரம் தொட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பட்டறையில் வண்டியை நிறுத்தி, சாக்கை விரித்து, வீங்கின முட்டியோடு நானே அடியில் படுத்தேன். ஆக்டிங் டிரைவரை அன்றைக்கும் வரவழைத்து, ஒண்ணாம் கியருக்கும் ரிவர்சுக்குமாக மாற்றி மாற்றிக் கிளட்சை விடச் சொன்னேன், வண்டி ஓடாமல் சும்மா அசைகிற அளவுக்கு. கமான் பட்டையின் முனையில் கையை வைத்தேன். டொக் என்கிற போதெல்லாம் பட்டை ஒரு நெல் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தது. அதற்கப்புறம் காதும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

எஞ்சினை அணைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, பின்னைத் தட்டி எடுத்தோம். என் புஷ் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. ஒரு கோடு விழவில்லை. நான் சொன்னது சொன்னபடி, தேயவே இல்லை. அதற்குள்ளே இருந்த பின்தான் ஒரு பக்கமாக, சப்பிப் போட்ட கல்கண்டு மாதிரி இளைத்துப் போயிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. புஷ்ஷுக்கும் அதை வண்டியோடு பிடித்திருக்கிற தாங்கிக்கும் நடுவில் இருந்த இடுக்கில், சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி ரெண்டு மடிப்பு மடித்துச் செருகியிருந்தது. நைந்து கந்தலாகி இருந்தது. அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. யாரோ விடாமல் எண்ணெய் விட்டு வந்திருக்கிறார்கள். யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அந்த டியூப் பட்டையை என் ஆட்கள் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

புது ரப்பர் புஷ்ஷும் பின்னும் கடையில் வாங்கினேன். ஆமாம், கடையில் போய் நின்று வாங்கினேன். மாட்டின பிறகு வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. சத்தம் போய்விட்டது. எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. வண்டி சரியாகிவிட்டதால், அவர் கால் நல்ல கால் என்பதும் உறுதியாகிவிட்டது. அந்தக் காலைப் பற்றி நான் சொன்ன வார்த்தை மட்டும் இன்னும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆக்டிங் டிரைவரை ஓட்டச் சொல்லிக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். பூசை முடிகிற நேரம் எனக்குத் தெரியும். ஆறு வருசம் அதைப் பார்த்துத்தானே எங்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினது. அவர் வெள்ளைச் சட்டையில் சர்ச்சிலிருந்து நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மொதலாளி, முட்டி என்னாச்சுங்க?" என்று கேட்டார். முதலில் கேட்டது அதைத்தான். வீட்டுக்குள் நாற்காலி போட்டார். அவர் சம்சாரம் காப்பி கொடுத்தார்கள். அந்த அம்மா டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அது எனக்கு வேண்டியதுதான்.

சட்டைப் பையிலிருந்து பின்னையும் டியூப் பட்டையையும் எடுத்து நாற்காலிக் கையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கிற வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாலாம் வகுப்புக்கு மேல் அது வருமோ என்னவோ. அவர் பின்னை எடுத்துத் தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். டியூப் பட்டையைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலைங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவரை நீங்க என்று பேசுகிறேன் என்று எனக்கே உறைத்தது. ஆறு வருசத்தில் முதல்தரம்.

"சொன்னனுங்களே. மூணு தரம் பின்னால உக்காரச் சொன்னனுங்க."

மூணு தரமா என்று விரல் விட்டு எண்ணினேன். அவினாசி டீக்கடை ஒன்று. சாவி கொடுத்த அன்றைக்கு ஒன்று. நடுவில் ஒன்று எங்கே என்று கேட்டேன். கிளட்ச் பிளேட் மாற்றுவதற்கு முதல் நாள் என்றார். அன்றைக்கு நான் காதில் வாங்கவே இல்லை போல. எட்டு லேத்தைக் கேட்கிற காது.

"நீங்க உக்காந்தா நீங்களே கண்டுபுடிச்சிருவீங்க. உங்க சாமானத்த நான் குத்தம் சொன்ன மாதிரி ஆகாதல்லங்க," என்றார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். வண்டி வாசலில் நிற்கிறது, நாளையிலிருந்து வந்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார், தலையை ஆட்டவில்லை. அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து "சரிங்க" வரவில்லை.

"அது வேண்டாமுங்க. அந்தப் பம்ப்புக்காரருகிட்ட நீங்க போன்ல சொன்னத மட்டும் திருப்பிச் சொல்லிப்போடுங்க. அது போதுமுங்க."

போனில் சொன்னதைப் போனில் திருப்பிச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது பத்தாது என்று பட்டது. எது செய்தாலும் பத்துப் பேர் பார்க்கச் செய்துதான் எனக்குப் பழக்கம், அவரைப் போகச் சொன்னதும் அப்படித்தான். மறுநாள் காலை அந்தப் பம்ப்காரர் கம்பெனிக்கே போனேன். அவருடைய ஆபீசில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் தொழிலில் எங்களுக்குத் தெரிந்தவர்கள். அந்த டிரைவர் காலில் ஒரு தப்பும் இல்லை, நம்பி வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவர் நம்பவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"என்னங்க, போன மாசம் அந்தக் காலு கியர்பாக்ஸைத் திங்கும்னீங்க. இப்ப என்ற தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று கேட்டார். ஆபீசில் சிரிப்பு. நானே ஜோடித்துக் கொடுத்த வசனம் என் முன்னாலேயே வந்து நின்றது.

பின்னை எடுத்து மேஜை மேல் வைத்தேன். கூடவே அந்தப் பளபளப்பான புஷ்ஷையும் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பின் சீட்டில் உட்கார்ந்த கதையையும் சொன்னேன். சைக்கிள் டியூபைச் சொல்லும்போது ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை. அவர் புஷ்ஷைக் கையில் எடுத்து, உள்பக்கம் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். பம்ப் செய்கிறவர், அவருக்குத் தெரியும்.

"இது உங்க பட்டறையில கடைஞ்சதுங்களா?"

அவருடைய பம்ப்புக்குப் போகிற புஷ் எல்லாம் என் லேத்தில்தான் கடைகிறது. கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. இல்லை, கடையில் வாங்கினது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். டிரைவருக்கும் வேலை கிடைத்திருக்கும், எனக்கும் பேர் நின்றிருக்கும்.

"ஆமாங்க. நானே கடைஞ்சது. ரப்பர் போடற எடத்துல எஃகு போட்டுப்போட்டேன்," என்றேன்.

அவர் புஷ்ஷை மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். அந்த வாரமே டிரைவர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எனக்கு வேலை கொடுப்பதையும் அவர் நிறுத்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு, எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "இவரு கடைஞ்சா தேயாதுங்க, பக்கத்துல இருக்கறதுதான் தேயும்," என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு இலையில் ரசம் வாங்குவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது எனக்கு இருந்தது.

ஒருதரம் அந்தப் பம்ப்காரரோடு ஈரோட்டுக்குப் போக வேண்டி வந்தது. காலையில் அவர் கார் என் பட்டறை வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். பம்ப்காரர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் எனக்குப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறி, இடப்பக்கமாக உட்கார்ந்தேன். அவர் போய் உட்கார்ந்து ஒண்ணாம் கியரைப் போட்டார். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வண்டி எப்போது நகர்ந்தது என்று ஜன்னல் வழியாக என் பட்டறைக் கேட் பின்னால் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.